மினிமம் இருந்தால் போதுமா? அமெரிக்க வாகனக் காப்பீடு: வாசகர் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் வாகனக் காப்பீட்டைப் பற்றியவையே மிகுதி. அதற்குக் காரணமும் உண்டு. கலிபோர்னியாவும் வர்ஜீனியாவும் 2025 ஜனவரி 1 முதலும், வட கரோலினா அதே ஆண்டு ஜூலை 1 முதலும், நியூ ஜெர்சி 2026 ஜனவரி 1 முதலும் ஓட்டுநர்கள் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருக்கின்றன. புதுப்பித்தல் கடிதத்தில் பிரீமியம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் நம்மில் பலர் அந்தக் கடிதத்தின் மற்றப் பக்கங்களையும் புரட்டுகிறோம். காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இந்த நாட்டில் மாநிலங்களிடமே இருக்கிறது. ஆகவே ஒரு மாநிலத்தாருக்குச் சொன்ன பதில் பக்கத்து மாநிலத்தாருக்குப் பொருந்தாமல் போகலாம். ஊர்ப் பெயரைக் கவனித்துப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. டெக்சாஸ் சட்டம் கேட்கும் 30/60/25 அளவில் பாலிசி வைத்திருக்கிறேன். அது போதவே போதாது என்று அலுவலக நண்பர் பயமுறுத்துகிறார். ஊரில் வெறும் 'தேர்டு பார்ட்டி' மட்டும் போட்டுக்கொண்டு பதினைந்து வருடம் கார் ஓட்டியவன் நான். சட்டமே போதும் என்று சொல்லும்போது கூடுதலாகப் பணம் கட்டுவானேன்?
– ஒரு வாசகர், ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே குழப்பத்தின் வேர் இருக்கிறது. ஊரில் நீங்கள் போட்டிருந்த தேர்டு பார்ட்டி பாலிசியும் இங்கே வைத்திருக்கும் லயபிலிட்டி (பிறருக்கு நாம் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கான) பாலிசியும் பெயரளவில்தான் உறவுக்காரர்கள். இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி எடுக்கும் கட்டாயக் காப்பீட்டில், விபத்தில் இறந்தவருக்கோ காயமடைந்தவருக்கோ தீர்ப்பாயம் எவ்வளவு இழப்பீடு விதித்தாலும் அதைக் காப்பீட்டு நிறுவனமே கொடுக்க வேண்டும். உயிருக்கும் உடலுக்கும் உச்சவரம்பு கிடையாது. பொருட்சேதத்துக்கு மட்டும்தான் காருக்கு ஏழரை லட்சம் ரூபாய் என்ற எல்லை இருக்கிறது. அந்த நிழலில் பதினைந்து வருடம் ஓட்டியவருக்கு, காப்பீடு இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விதான் மனத்தில் பதிந்திருக்கும். இங்கே எவ்வளவு இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

30/60/25 என்பதை விரித்துச் சொல்கிறேன். உங்கள் தவறால் நேரும் விபத்தில் காயம்பட்ட ஒருவருக்கு நிறுவனம் அதிகபட்சம் 30,000 டாலர் கொடுக்கும். எத்தனை பேர் காயம்பட்டாலும் மொத்தமாக 60,000 டாலருக்கு மேல் கொடுக்காது. பிறருடைய வண்டி, வேலி, விளக்குக் கம்பம் ஆகியவற்றுக்கு 25,000 டாலர். அதற்கு மேல் வருவது எல்லாம் உங்கள் பெயரில் நிற்கும்.

ஒரு மழை நாளில் பிரேக் பிடிக்காமல், சிக்னலில் நின்றிருந்த இரண்டு வண்டிகளில் நீங்கள் மோதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதல் வண்டியை ஓட்டியவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை, 90,000 டாலர். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவிக்கு 20,000. இரண்டாவது வண்டிக்காரருக்கு 15,000. அமெரிக்க மருத்துவமனைப் பில்லைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொகைகள் மிகையாகத் தோன்றாது. மொத்தம் 1,25,000 டாலர். உங்கள் நிறுவனம் 60,000 டாலரோடு நின்றுவிடும். முதல் வண்டி புதிதாக வாங்கிய மின்சாரப் பிக்கப். சரிசெய்ய முடியாத அளவுக்கு நொறுங்கிவிட்டது, அதற்கு 55,000. மற்றதன் பழுதுக்கு 8,000. இந்த 63,000 டாலரில் நிறுவனம் கொடுப்பது 25,000 மட்டுமே. காயக் கணக்கில் மீதி 65,000, வண்டிக் கணக்கில் மீதி 38,000, ஆக 1,03,000 டாலருக்கு உங்களைத் தேடி வருவார்கள். இவ்வளவுக்கும் நீங்கள் சட்டத்தை மீறவில்லை. குளோவ் பாக்ஸில் காப்பீட்டு அட்டை பத்திரமாக இருக்கிறது. போலீஸ்காரர் டெக்சாஸ்ஷூர் என்ற மாநிலத் தரவுத்தளத்தில் தேடினாலும் உங்கள் பாலிசி சரியாகவே தெரியும்.

நண்பர் பயமுறுத்துவதில் கொஞ்சம் மிகையும் இருக்கக்கூடும் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கடன் தீர்ப்புக்காக டெக்சாஸில் உங்கள் சம்பளத்தைப் பிடித்தம் செய்ய முடியாது. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கும் வலுவான பாதுகாப்பு உண்டு. ஆனால் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தீர்ப்புத் தொகையைச் செலுத்தாமல் விட்டால் ஓட்டுநர் உரிமமும் முடக்கப்படலாம். வழக்குத் தொடுத்தால் உங்களுக்காக வக்கீல் வைத்து வாதாடுவது நிறுவனத்தின் கடமை. பெரும்பாலான தனிநபர் பாலிசிகளில் அந்தச் செலவு மேலே சொன்ன எல்லைத் தொகைக்குள் கழிக்கப்படுவதில்லை.

டெக்சாஸ்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு பழைய கதையும் உண்டு. ஸ்டோவர்ஸ் என்ற அறைகலன் கடையின் லாரி ஹூஸ்டனில் இருட்டில் விளக்கில்லாமல் நின்றிருக்க, ஒரு பெண் வந்த வண்டி அதில் மோதியது. கடையின் பாலிசி எல்லை 5,000 டாலர். 4,000 டாலருக்குச் சமாதானமாகப் போகிறேன் என்று அந்தப் பெண் தரப்பில் சொன்னதைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது; தீர்ப்போ 14,000 டாலரைத் தாண்டியது. எல்லைக்குள் முடிக்கக் கிடைத்த நியாயமான வாய்ப்பைக் கவனக்குறைவாகத் தட்டிக்கழித்த நிறுவனம் மிகுதியான தொகைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 1929இல் அந்த வழக்கில்தான் பிறந்தது. இன்றும் அதற்கு ஸ்டோவர்ஸ் விதி என்றே பெயர். ஆகவே எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து உங்களுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அன்றைக்கே நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள்; மேசை மேல் வைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், சம்பளம் வாங்கும் குடும்பஸ்தர் 100/300/100 அளவுக்குக் கீழே இருப்பதை நான் விரும்புவதில்லை. எல்லை மூன்று மடங்கானால் பிரீமியமும் மூன்று மடங்காகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. முதல் 30,000 டாலருக்கு வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் அடுத்த 70,000 டாலருக்கு வாங்கும் விலை பொதுவாகக் குறைவுதான். பிரீமியம் எவ்வளவு என்று விலை கேட்கும் இணையத் திரையில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அந்தத் திரையை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். காப்பீடே இல்லாதவரோ போதிய காப்பீடு இல்லாதவரோ உங்களை இடித்தால் உதவும் 'அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்' பாதுகாப்பையும், யார் தவறென்று பாராமல் மருத்துவச் செலவு தரும் பி.ஐ.பி. பாதுகாப்பையும் டெக்சாஸில் நிறுவனங்கள் உங்களுக்குத் தர முன்வந்தே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் நீங்கள் எழுத்துமூலம் மறுக்க வேண்டும். இணையத்தில் பாலிசி எடுத்த பலர் மாதப் பிரீமியத்தைக் குறைக்கும் அவசரத்தில் அந்த மறுப்புக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டிருப்பார்கள். பாலிசியின் சுருக்கம் இருக்கும் டெக்ளரேஷன் பக்கத்தை எடுத்து, அந்த இரண்டு வரிகளுக்கு எதிரே தொகை இருக்கிறதா, 'ரிஜெக்டட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எங்களிடம் 'ஃபுல் கவரேஜ்' இருக்கிறது. அப்படியானால் மேலே சொன்ன கவலை எதுவும் எங்களுக்கு இல்லைதானே?
– ஒரு வாசகி, ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

பதில்: இந்த இரண்டு சொற்களைத் தடை செய்யும் அதிகாரம் எனக்கு இருந்தால் முதல் வேலையாக அதைத்தான் செய்வேன். ஃபுல் கவரேஜ் என்று ஒரு பாலிசி எந்த மாநிலச் சட்டத்திலும் இல்லை. வண்டி விற்பவரும் கடன் கொடுப்பவரும் அந்தச் சொல்லால் குறிப்பது, மோதலில் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான கொலிஷன், திருட்டு, தீ, ஆலங்கட்டி மழை, மான் குறுக்கே பாய்தல் போன்றவற்றுக்கான காம்ப்ரிஹென்ஸிவ் ஆகிய இரண்டையும் சேர்த்து எடுத்திருக்கிறீர்கள் என்பதைத்தான். இரண்டும் உங்கள் வண்டியைக் காப்பவை. இன்னும் சரியாகச் சொன்னால், கடன் தீரும் வரை வங்கியின் வண்டியைக் காப்பவை. பிறருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீடு ஜார்ஜியாவின் குறைந்தபட்சமான 25/50/25இலேயே நின்றுகொண்டிருக்க, பாலிசிக்கு ஃபுல் கவரேஜ் என்ற பெயரும் இருக்கலாம். இப்படிப்பட்ட பாலிசிகளை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டு என்னிடம் இருந்ததும் அதுவேதான். டிடக்டிபிள் (சேதத்தில் முதலில் நம் கையிலிருந்து கட்டும் பங்கு) 500ஆ 1,000ஆ என்று ஏஜென்டோடு அரை மணி நேரம் பேசிய நான், லயபிலிட்டி வரியை ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

கேள்வி: பிரீமியத்தைக் குறைக்க இரண்டு தேர்வுகளைச் செய்தோம். ஒன்று, வழக்குத் தொடரும் உரிமையைச் சுருக்கிக்கொண்டது. இரண்டு, விபத்து மருத்துவச் செலவுக்குக் கணவரின் அலுவலக ஹெல்த் இன்ஷூரன்ஸை முதன்மையாக வைத்தது. இரண்டும் சரிதானா?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: நியூ ஜெர்சியில் யார் தவறு என்று தீர்மானிக்கும் வரை காத்திராமல் அவரவர் பாலிசியே அவரவர் மருத்துவச் செலவைக் கொடுத்துவிடும் 'நோ-ஃபால்ட்' முறை இருக்கிறது. பி.ஐ.பி. என்ற அந்தப் பகுதிக்கு வழக்கமான அளவு 2,50,000 டாலர். அதை 15,000 வரை குறைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். 15,000 என்று இருந்தால், நீங்கள் கேட்ட இரண்டு தேர்வுகளைக் காட்டிலும் அதுதான் அவசரமாகத் திருத்த வேண்டியது.

வழக்குரிமையைச் சுருக்கிக்கொண்டால், உங்களை இடித்தவர் மீது வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது. மரணம், உறுப்பிழப்பு, குறிப்பிடத்தக்க உருச்சிதைவு அல்லது தழும்பு, இடம்பெயர்ந்த எலும்பு முறிவு, கருவிழப்பு, நிரந்தரக் காயம் ஆகிய ஆறு நிலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மருத்துவச் செலவு, சம்பள இழப்பு போன்ற பொருளாதார இழப்புகளை இந்தச் சுருக்கம் தடுப்பதில்லை. ஆறு மாதம் கழுத்து வலியோடு அவதிப்பட்டுப் பின்னர் முழுவதும் குணமானவருக்கு அந்த ஆறு மாத வேதனைக்காக ஒன்றும் கிடைக்காது. பிரீமிய வேறுபாடு பெரிதாக இருப்பதால் பலர் இதைத் தெரிந்தே தேர்ந்தெடுக்கிறார்கள்; தெரிந்து செய்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இரண்டாவது தேர்வைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அலுவலக ஹெல்த் பிளான் வாகன விபத்துக் காயங்களுக்குப் பணம் தருமா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கினீர்களா? நிறுவனமே தன் பணத்திலிருந்து நடத்தும் பிளான்கள் சிலவற்றில் அதற்கு விலக்கு இருக்கிறது. கேட்டு வாங்கியிருந்தாலும், கணவர் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை போனால் 60 நாள் சலுகைக் காலத்தில் அடுத்த வேலையைத் தேடும் நெருக்கடியில், ஹெல்த் இன்ஷூரன்ஸ் நின்றுபோனதைக் கார் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது யாருக்கு நினைவிருக்கும்? வேலையோடு கட்டப்பட்ட ஒன்றின் மேல் வண்டிக் காப்பீட்டையும் சாய்த்து வைப்பதை, விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பி.ஐ.பி.யையே முதன்மையாக்கி, அதன் டிடக்டிபிளைச் சற்று உயர்த்தி மிச்சம் பிடிக்கப் பாருங்கள்.

2026 ஜனவரி 1க்குப் பிறகு தொடங்கும் அல்லது புதுப்பிக்கப்படும் சாதாரணப் பாலிசிகளில் குறைந்தபட்ச எல்லை 35/70/25. நீங்கள் 25/50இல் இருந்திருந்தால் நிறுவனமே உயர்த்தி அனுப்பியிருக்கும். பிரீமியம் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். அப்பா நாற்பது வருடமாகக் கார் ஓட்டுபவர். காலையில் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் அவரே ஓட்டிப் போகட்டும் என்று பார்க்கிறேன். இந்திய லைசென்ஸ் போதுமா? என் பாலிசி அவருக்குப் பொருந்துமா?
– ஒரு வாசகர், ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பதில்: உரிமம், காப்பீடு இரண்டும் வேறு வேறு கேள்விகள், முதலாவதற்கு 'ஆம்' என்ற பதில் கிடைத்ததும் இரண்டாவதையும் தீர்ந்ததாக எண்ணிவிடுவதுதான் வழக்கமான தவறு.

சுற்றுலாவாக வந்திருக்கும் 18 வயது நிறைந்தவர் தம் நாட்டின் செல்லுபடியாகும் உரிமத்தோடு கலிபோர்னியாவில் ஓட்டலாம். ஊரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒரு மொழிபெயர்ப்பு மட்டுமே. அசல் உரிமம் இல்லாமல் அதை மட்டும் நீட்டினால் செல்லாது. அப்பாவின் உரிமம் காலாவதியாகும் தேதியைப் பாருங்கள்; வந்திருக்கும் ஆறு மாதத்துக்குள் அது முடிந்துவிட்டால் அன்றோடு சரி.

காப்பீட்டுக்கு வருவோம். வண்டியை எப்போதாவது இரவல் வாங்கி உங்கள் அனுமதியோடு ஓட்டுபவரைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஆறு மாதம் உங்கள் கூரையின் கீழ் தங்கி, நாள்தோறும் வண்டி எடுப்பவரை நிறுவனம் இரவல் ஓட்டுநராகப் பார்க்காது. வீட்டில் வசிக்கும் ஓட்டுநரைச் சொல்லாமல் மறைத்தீர்கள் என்று வாதிட இடம் கிடைத்துவிடும். அனுமதி பெற்று ஓட்டுபவருக்கு மட்டும் உங்கள் உயர்ந்த எல்லையைக் கொடுக்காமல் மாநிலக் குறைந்தபட்சத்துக்கு இறக்கிவிடும் வாசகங்களும் இங்குள்ள சில பாலிசிகளில் இருக்கின்றன. இந்த மாநிலத்தின் குறைந்தபட்சம் 1967 முதல் 15/30/5ஆகவே கிடந்து, 2025 ஜனவரியில்தான் 30/60/15 ஆனது. 2035இல் 50/100/25 ஆகும். ஃப்ரீமான்ட்டில் நீங்கள் நிறுத்தும் எந்த வண்டிநிறுத்தத்திலும் பக்கத்து வண்டியின் விலையைப் பார்த்தால் 15,000 எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும்.

எனவே ஏஜென்டைத் தொலைபேசியில் அழைத்து, அப்பாவின் பெயரையும் உரிம எண்ணையும் கொடுத்து, அந்த ஆறு மாதத்துக்கு அவரை ஓட்டுநராகச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்திய உரிமத்தை ஏற்கும் நிறுவனமும் உண்டு, ஏற்காத நிறுவனமும் உண்டு. ஏற்க மறுத்து, அவரைப் பெயர் சொல்லி விலக்கும் படிவத்தில் உங்களிடம் கையெழுத்துக் கேட்டால், கையெழுத்திட்ட நாளிலிருந்து சாவியை அவர் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். விலக்கப்பட்டவர் ஓட்டி இடித்தால் அந்த வண்டி காப்பீடே இல்லாத வண்டிக்குச் சமம். வண்டியைக் கொடுத்த உரிமையாளர் என்ற முறையில் உங்கள் மீதும் பொறுப்பு விழும். அதோடு, 1996இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 213ஆவது முன்மொழிவின்படி, காப்பீடில்லாத வண்டியின் உரிமையாளரும் அதை ஓட்டியவரும் விபத்து மற்றவர் தவறால் நேர்ந்தாலும் வலி, வேதனைக்கான இழப்பீட்டைக் கேட்க முடியாது.

பாலிசி எல்லாம் சரியாக இருந்து ஒரு சிறு விபத்து நடந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. யாருக்காவது காயம் என்றாலோ, சேதம் 1,000 டாலருக்கு மேல் என்றாலோ, போலீஸ் வந்தாலும் வராவிட்டாலும், பத்து நாளுக்குள் எஸ்.ஆர்-1 என்ற விபத்து அறிக்கைப் படிவத்தை மாநில வாகனத் துறையான டி.எம்.வி.க்கு அனுப்ப வேண்டும். இந்தக் காலத்தில் பம்பரைத் தொட்டாலே ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது என்பதால், ஏறக்குறைய எல்லா மோதலுக்கும் இது பொருந்தும்.

அப்பாவுக்கு இடது பக்கம் ஓட்டிய நாற்பது ஆண்டுப் பழக்கம். வலப்பக்க ஓட்டத்தில் இடது திருப்பம் எடுப்பதை ஞாயிறு காலை ஆளில்லாத தெருவில் நான்கைந்து முறை உங்களோடு பழகட்டும்.

கேள்வி: கிரெடிட் கார்டு காலாவதியானதால் தானாகச் செல்லும் பிரீமியம் நின்று, பாலிசி ரத்தானது எனக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில் ஒரு விபத்து. இப்போது எஸ்.ஆர்-22 எடுத்தால்தான் லைசென்ஸ் என்கிறார்கள். இது என்ன புதுக் காப்பீடு? நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் என் மைத்துனரோ, தன் ஊரில் காப்பீடே கட்டாயமில்லை என்று சிரிக்கிறார்.
– ஒரு வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

பதில்: எஸ்.ஆர்-22 காப்பீடே அன்று. காப்பீடு இருக்கிறது என்று உங்கள் நிறுவனம் மாநிலத்துக்கு அனுப்பும் சான்று. பொதுவாக மூன்று ஆண்டுகள் அது தொடர்ந்து இருக்க வேண்டும். நடுவில் பாலிசி நின்றால் நிறுவனம் எஸ்.ஆர்-26 என்ற மற்றொரு தாளை மாநிலத்துக்கு அனுப்பிவிடும். உரிமம் மறுபடியும் முடங்கும். தாளுக்கான கட்டணம் சிறியது. ஆனால் அந்தத் தாள் தேவைப்படும் ஓட்டுநர் என்பதால் பிரீமியம் ஏறுவதுதான் வலிக்கும். சில நிறுவனங்கள் இந்தச் சான்றை அனுப்புவதே இல்லை. உங்களுடையது அப்படியென்றால் வேறு நிறுவனத்தை நாட வேண்டியிருக்கும். வண்டியை விற்றுவிட்டீர்கள், ஆனால் உரிமம் வேண்டும் என்றால், வண்டி இல்லாதவர்களுக்கான நான்-ஓனர் பாலிசியோடு எஸ்.ஆர்-22 வாங்கலாம். புதுக் கார்டின் எண்ணைக் கொடுத்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்; அதோடு நிறுவனத்தில் பதிவான தபால் முகவரியையும் மின்னஞ்சலையும் சரிபாருங்கள். ரத்து அறிவிப்பு பழைய வீட்டுக்குப் போய்க் கிடந்திருக்கும் என்பது என் ஊகம்.

மைத்துனர் சொன்னது பாதி உண்மை. இந்தச் சட்டங்களின் பழைய வடிவம் அவருடைய மாநிலத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கனெக்டிகட் 1925இல் இயற்றிய சட்டம், விபத்து நடந்த பிறகு ஓட்டுநர் தம் நிதிப் பொறுப்பை நிரூபிக்க வேண்டும் என்று மட்டுமே கேட்டது. இடிக்கும் வரை எவரும் எதையும் காட்டத் தேவையில்லை. முதல் விபத்தில் சிக்கியவருக்கு அதனால் என்ன பயன் என்று கேட்ட மாசசூசெட்ஸ், 1927 முதல் பதிவு செய்யும் ஒவ்வொரு வண்டிக்கும் முன்கூட்டியே காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நியூ யார்க்கும் வட கரோலினாவும் அதே வழிக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. நியூ ஹாம்ப்ஷயர் மட்டும் பெரும்பாலானோருக்குக் கட்டாயம் இல்லை என்ற நிலையிலேயே இருக்கிறது. அங்கும் ஒருவர் தம் தவறால் விபத்தை உண்டாக்கிவிட்டுச் சேதத்தைக் கொடுக்க வழியில்லாமல் நின்றால் உரிமமும் வண்டிப் பதிவும் பறிபோகும். அப்போது அவரும் எஸ்.ஆர்-22ஐத்தான் தேடிப் போக வேண்டும். வர்ஜீனியாவிலும் 500 டாலர் கட்டிவிட்டுக் காப்பீடில்லாமல் ஓட்டலாம் என்ற விசித்திரமான வழி இருந்தது. அந்தப் பணம் வெறும் கட்டணம், ஒரு சென்ட் பாதுகாப்பைக்கூட வாங்காது. 2024 ஜூலை 1 அன்று அதையும் மூடிவிட்டார்கள்.

மைத்துனர் நாஷுவாவிலிருந்து தினமும் மாசசூசெட்ஸுக்கு வேலைக்குப் போகிறார் என்றால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: வெளிமாநில வண்டியை ஆண்டில் மொத்தம் 30 நாளுக்கு மேல் மாசசூசெட்ஸில் ஓட்டினால் காப்பீடு வேண்டும். எல்லையைத் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிடும்.

கேள்வி: கோடை விடுமுறைக்கு மூன்று மாதம் திருச்சிக்குப் போகிறோம். வண்டி கராஜில் சும்மாதான் நிற்கும். அந்த மூன்று மாதத்துக்குக் காப்பீட்டை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, கேரி, வட கரோலினா

பதில்: நிறுத்தலாம்; ஆனால் வரிசை முக்கியம். உங்கள் மாநிலத்தில் வண்டியில் செல்லுபடியாகும் நம்பர் பிளேட் இருக்கும் வரை லயபிலிட்டி காப்பீடு ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. வண்டி கராஜை விட்டு வெளியே வந்ததா என்பது கேள்வியே அன்று. நிறுவனம் ரத்துச் செய்தியை டி.எம்.வி.க்கு அனுப்பிவிடும், நீங்கள் திருச்சியில் இருக்கும்போது விளக்கம் கேட்கும் கடிதம் கேரி வீட்டுத் தபால் பெட்டியில் கிடக்கும். முதல் முறைக்கு 50 டாலர், இரண்டாம் முறைக்கு 100, அதற்கு மேல் 150 என்று அபராதம் உண்டு. பதில் போகாவிட்டால் வண்டிப் பதிவையும் ரத்து செய்வார்கள். நியூ யார்க் வாசகர்களுக்கும் இதே விதிதான். அங்கே அபராதம் நாள் கணக்கில் ஏறும், முதல் 30 நாளுக்கு நாளொன்றுக்கு 8 டாலர்.

வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் இந்த யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள். கொலிஷனும் காம்ப்ரிஹென்ஸிவும் தொடர வேண்டும் என்பது கடன் ஒப்பந்தத்திலேயே இருக்கும். கடன் இல்லை என்றாலும், திரும்பி வந்து புதிதாகப் பாலிசி எடுக்கும்போது "கடந்த ஆறு மாதம் தொடர்ந்து காப்பீடு இருந்ததா" என்று கேட்பார்கள். இல்லை என்ற பதிலுக்குத் தனி விலை உண்டு. 2025 ஜூலை முதல் உங்கள் மாநிலத்தின் குறைந்தபட்சம் 50/100/50 ஆகியிருப்பதால் பிரீமியம் கனமாகத் தெரிகிறது என்பது புரிகிறது. வண்டி நீண்ட நாள் ஓடாது என்று சொல்லிக் குறைந்த மைல் சலுகை கேளுங்கள். என் கணக்கில் பெரும்பாலும் அப்படித் தொடர்வதே லாபமாக முடிந்திருக்கிறது.

நிறுத்தியே தீர்வது என்றால், புறப்படும் வாரத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின்பக்கத்து நம்பர் பிளேட்டைக் கழற்றி டி.எம்.வி. பிளேட் அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பாலிசியை நிறுத்தும் தேதி அந்த ரசீதின் தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. ரசீதைப் படம் எடுத்துக் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கக் கடிதம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பிரித்துப் படித்துச் சொல்ல, திருச்சியிலிருந்தே பதில் அனுப்பிவிடலாம்.